டைனமோவில் கேட்ட குரல்

1992இல் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடலேரியால் கொழும்புக்குப் போய், ஏஜென்சி மூலம் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது நான் இரண்டாம் ஆண்டு. அப்பா அதற்கு மூன்று வருடம் முன்னரே போய்விட்டார். இரண்டு பேருக்குக் கட்டக் காசில்லை. நான் அம்மம்மாவோடு நின்றுவிட்டேன்.

நான் நித்திரையாய்க் கிடந்தபோதுதான் அம்மா போனார். விடியக் கேட்டதற்கு, "சந்தைக்குப் போட்டா, வந்திடுவா" என்றார் அம்மம்மா. அவரில் நான் பிழை சொல்லமாட்டேன், அந்த நாளில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு கிழமை படலையிலேயே நின்றேன். அப்புறம் அம்மம்மா கிணற்றடிக்குப் போனாலும் பின்னாலேயே போவேன். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்.

வகுப்பு ரீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "பிள்ளைக்குப் பொய் சொல்லாதேங்கோ அம்மா. நீங்களும் இப்பிடிப் போயிடுவியள் எண்டு பயப்பிடுறாள்." பிறகு என்னைத் திண்ணையில் இருத்தி, அம்மா கனடாவுக்குப் போய்விட்டார், உன்னைக் கூப்பிடுவார், எப்போது என்று எனக்கும் தெரியாது என்றார். நான் குழறி அழுதேன். ரீச்சர் மறிக்கவில்லை, பக்கத்திலேயே இருந்தார். அன்றிரவுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேனாம்.

சில மாதத்தில் அம்மா பேசிப் பதிந்த கசெற் ஒன்று கை மாறிக் கை மாறி வந்து சேர்ந்தது. 1990 ஜூனில் சண்டையோடு நின்ற கரண்ட் வரவேயில்லை, பற்றரிக்கும் தடை. ரீச்சரின் மகன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து கசெற் றேடியோவுக்கு வயர் கொழுவி, பெடலைக் கையால் சுற்றினார். அவருக்குக் கை களைக்க, அம்மாவின் குரல் இழுபட்டுத் தடித்தது. "அம்மாவுக்குச் சுகமில்லையோ ரீச்சர்?" என்று கேட்டேன். ரீச்சர் சிரிக்காமல் பெடலை என் கையில் தந்தார். வேகமாகச் சுற்றினேன், குரல் கீச்சிட்டது. மெல்லச் சுற்றினேன், தடித்தது. அம்மாவின் சரியான குரல் எந்த வேகத்தில் வரும் என்று பிறகு என் கைக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் அதுதான் எங்கள் வேலை.

1994இல், என்னைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் சரிவந்தது. ஊரெல்லாம், "அம்மாவைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேணும்" என்றது. ரீச்சர் மட்டும் என் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, "வெக்கமா இருந்தா அப்பிடியே நில்லம்மா, அவ வருவா" என்றார்.

ரொறன்ரோ விமான நிலையத்தில், தடித்த கோட்டுப் போட்ட அந்தப் பெண்ணை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. அப்படியே நின்றேன். அவர் கிட்ட வந்து, குந்தியிருந்து, என் பெயரைச் சொன்னார். சரியான வேகத்தில் இருந்தது.