மெத் போதையிலிருந்து மீள்வோருடன்: லாஸ் ஏஞ்சலிஸ் நாட்குறிப்பு

31 அக்டோபர் 2024, வியாழன்

இந்த ஆண்டு தீபாவளியும் இவ்வூர் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. காலையில் மதுரையிலிருக்கும் அக்காவிடம் பேசிவிட்டு, மாலையில் ஹாலிவுட்டில் நாங்கள் கூடும் மண்டபத்திற்குப் போய் நாற்காலிகளை எடுத்துப் போட்டேன். மெத்தாம்ஃபெட்டமின் (மெத்) என்னும் ஊக்கப் போதைப்பொருளிலிருந்து மீண்டுவரும் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களுக்கு இது கடினமான இரவு. வெஸ்ட் ஹாலிவுட் தெருக்களில் வேடமிட்டவர்கள் நிறைந்திருப்பார்கள். கைப்பேசிச் செயலிகளில் அழைப்புகள் வந்தபடி இருக்கும். அவற்றில் சிலவற்றில் 'டீனா' வருகிறாள் என்று குறிப்பிட்டிருக்கும். கிரிஸ்டல் மெத்துக்கு இங்குள்ள ஆண்கள் இட்ட பெயர் அது. ஆகவே மண்டபத்தைப் பின்னிரவு வரை திறந்து வைத்து, சமைத்து, படம் போட்டு, வந்தவர்களை இருத்திக்கொண்டோம்.

போதை மீட்புக் கூட்டங்கள் ஊரெங்கும் நடக்கையில் இந்த ஆண்களுக்கென்று தனியாக ஒன்று எதற்கு என்று நல்ல மனத்துடனேயே பலர் கேட்கிறார்கள். நானும் இதே போதையிலிருந்து மீண்டவன் என்பதால் எனக்குத் தெரிந்த விடையை எழுதி வைக்கிறேன். மெத் உடலுக்குள் போனதும் பசியும் தூக்கமும் மட்டுமன்றி வெட்கமும் அகன்றுவிடுகிறது. சிறுவயது முதல் தன் ஆசையை மறைத்தே வளர்ந்த ஒருவனுக்கு, எச்.ஐ.வி. இருப்பதைச் சொன்னால் விலக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிற ஒருவனுக்கு, முதுமையும் உடலமைப்பும் தன்னைத் தள்ளிவைத்துவிட்டதாக நினைக்கிற ஒருவனுக்கு, அந்தச் சில மணி நேரம் கிடைப்பதற்கரிய விடுதலையாகத் தோன்றுகிறது. இவ்வாறு காமமும் போதையும் ஒன்றோடொன்று பிணைந்துபோனபின், பொதுவான கூட்டமொன்றில் எழுந்து நிற்கும்போது அவன் கதையின் பாதியை விழுங்கிவிட்டுத்தான் பேசுவான். அவனை மீண்டும் போதையின் வாசலுக்கு இழுத்துச் செல்வதும் அந்த விழுங்கிய பாதிதான்.

9 நவம்பர் 2024, சனி

புதிதாகச் சேர்ந்த ஒருவர், தமக்குச் சிகிச்சை தரும் மையத்தில் வாங்கிய முதல் அன்பளிப்பு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். 10 டாலர்தான். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய விதத்தை நான் மறக்கப்போவதில்லை.

கலிஃபோர்னியா, குறைந்த வருமானத்தினருக்கான தனது மெடி-கால் அரசு மருத்துவக் காப்பீட்டில் 2023-இல் தொடங்கிய திட்டம் இது. அமெரிக்காவிலேயே இதற்குக் காப்பீட்டின் வழியாகப் பணம் தந்த முதல் மாநிலம் இதுதான். மொத்தம் 24 வாரங்கள். முதல் 12 வாரங்களில் வாரத்திற்கு இருமுறையும், அதன்பின் ஒருமுறையும் சிறுநீர்ப் பரிசோதனை. மெத், கோகெய்ன் போன்ற ஊக்கிகள் இல்லையென்றால் அங்கேயே, அப்போதே அன்பளிப்பு கிடைக்கும். தொடர்ந்து தூய்மையாக இருந்தால் தொகை படிப்படியாக ஏறும். இடையில் தவறினால் தொடக்கத் தொகைக்கு இறங்கும். ஆண்டுக்கு அதிக அளவு 599 டாலர். போதையை விடுவதற்குக் காசு கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது இது: ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளின் அடிமைப்பழக்கத்திற்கு மெத்தடோன் இருக்கிறது, புப்ரெனார்ஃபின் இருக்கிறது. மெத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மருந்து இன்றுவரை ஒன்றுமில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் 60 பேரிடம் மிர்ட்டாசபின் என்னும் மனச்சோர்வு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பயன்பாடு குறைந்தது என்று அது காட்டியது. 2021-இல் நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியானும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் 13.6 விழுக்காட்டினர் பலன் பெற்றனர்; போலி மருந்து பெற்றவர்களில் அது 2.5 விழுக்காடு. இவை நம்பிக்கை தருகின்றன. ஆனால் இந்தப் பரிசு முறை அளவுக்கு ஆய்வுக்கு ஆய்வு பலன் காட்டிய வழி இதுவரை வேறில்லை.

இந்த முறையை எங்களைப் போன்றவர்களிடம் சோதித்துப் பார்த்ததும் இதே ஊரில்தான் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆய்வாளர்கள் ஸ்டீவ் ஷாப்டா, கேத்தி ரீபேக் ஆகியோர் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்கள் 162 பேரிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. பரிசு முறையில் சேர்ந்தவர்கள் போதையின்றி நீடித்த காலம் கூடுதலாக இருந்தது. தன்பாலீர்ப்பு வாழ்க்கையை ஒட்டி அமைத்த ஆலோசனையைப் பெற்றவர்களிடம் பாதுகாப்பற்ற உடலுறவு முதல் நான்கு வாரங்களிலேயே விரைந்து குறைந்தது. ஒன்று போதையைப் பிடித்தது, மற்றொன்று படுக்கையறையைப் பிடித்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். இரண்டும் தேவை.

20 நவம்பர் 2024, புதன்

இரவு ஒரு தமிழ்த் தம்பி தொலைபேசியில் அழைத்தார். பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அண்ணா, எனக்கு வேலை விசாவில்தான் இங்கே இருக்க முடிகிறது; மருத்துவரிடம் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்டார்.

அவருடைய அச்சத்திற்குக் காரணம் இருக்கிறது. போதைப்பொருள் பற்றிய ஒப்புதல் வாக்குமூலமே குடியுரிமை இல்லாதவரைச் சிக்கலில் தள்ளக்கூடிய நாடு இது. அதே சமயம், போதை சிகிச்சை மையங்களின் பதிவேடுகளை நோயாளியின் இசைவின்றி வெளியிடக்கூடாது என்று பொதுவான மருத்துவ இரகசியத்தைவிடக் கடுமையான தனிக் கூட்டாட்சி விதியும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசாமல் எந்தப் படிவத்திலும் எதையும் எழுத வேண்டாம் என்றேன். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, மெத்திலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் உதவும் கிரிஸ்டல் மெத் அனானிமஸ் கூட்டங்களில் பெயரும் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை என்பதையும் சொன்னேன். 1994-இல் இந்த ஊரில்தான் அது தொடங்கியது. இணையவழிக் கூட்டங்களும் இருப்பதால், வீட்டைவிட்டு வெளியே வரத் தயங்குகிறவரும் கலந்துகொள்ளலாம்.

பிறகு வெகுநேரம் அவர் ஊரைப் பற்றியே பேசினார். அம்மா பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். ஜன்னலுக்கு வெளியே யாரோ நின்று தம்மைக் கவனிப்பதாக மூன்று நாள் தூங்காதபோது தோன்றியது என்றும், அதன்பின் திரையை விலக்கவே பயமாக இருக்கிறது என்றும் சொன்னபோது அவர் குரல் தணிந்தது. தூங்காத மூளையில் மெத் உண்டாக்கும் மனக்குழப்பம் அது, பெரும்பாலும் ஓய்வில் தணிந்துவிடும், தணியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று விளக்கினேன். ஒரே மொழியில் இதைப் பேசிக்கொள்ள முடிந்ததில் இருவருக்கும் இருந்த ஆறுதலை நான் குறைத்து எழுத விரும்பவில்லை.

28 நவம்பர் 2024, வியாழன்

நன்றி நவிலல் நாள். குடும்பம் கதவடைத்தவர்களுக்காக இன்று பகல் முழுவதும் அடுத்தடுத்துக் கூட்டங்கள் நடந்தன. நான் சாம்பார் வைத்துக் கொண்டுபோனேன். வான்கோழியோடு அதைச் சேர்த்துச் சாப்பிட்டார்கள்.

1 டிசம்பர் 2024, ஞாயிறு

உலக எய்ட்ஸ் நாள். 1981 ஜூன் 5-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எய்ட்ஸ் பற்றி வெளியிட்ட முதல் அறிக்கையில் இருந்த ஐந்து இளைஞர்களும் இதே லாஸ் ஏஞ்சலிஸில் சிகிச்சை பெற்றவர்கள். எங்கள் குழுவின் மூத்தவர் அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர். 1996-இல் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகள் வந்தபோது அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் தொலைபேசிக் குறிப்பேட்டில் அழைப்பதற்கு எண்களே மிஞ்சவில்லை என்றார். நடன விருந்துகளில் மெத் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த காலம் அது. இறந்தவர்களை நினைக்காமலிருக்க ஒரு வழி கிடைத்தது, நான் எடுத்துக்கொண்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள் எவரும் கைப்பேசியைத் தொடவில்லை.

இன்றைய நிலை வேறு. மாத்திரையை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவால் பிறருக்கு அது பரவாது. ஆனால் நாட்கணக்கில் தூங்காதவனுக்கு மாத்திரை வேளை நினைவிலிருக்காது. எனவே போதையிலிருந்து மீளும் ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. மருத்துவமும், தொற்று இல்லாதவர்க்குப் பிரெப் தடுப்பு மருந்தும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதை நான் ஓயாமல் சொல்லிவருகிறேன். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் மூக்குத்தெளிப்பையும் எங்கள் மேசையில் வைத்திருக்கிறோம். அது மெத்தின் விளைவை மாற்றாது. ஆனால் மெத்தில் ஃபென்டனில் என்னும் வீரியமிக்க ஓபியாய்டு கலந்திருந்தால் ஓபியாய்டு பழக்கமே இல்லாத ஒருவன் மூச்சடங்கிப் போகலாம், அப்போது உயிரைக் காப்பது அதுதான். மறுபடி விழுந்தவனைக் கூட்டத்திலிருந்து விலக்காமல், அவன் கையிலும் ஒன்றைக் கொடுத்தனுப்புவதை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன்.

9 ஜனவரி 2025, வியாழன்

செவ்வாயன்று பாலிசேட்ஸிலும் ஆல்டடீனாவிலும் பற்றிய தீ இன்னும் எரிகிறது. நேற்று மாலை ஹாலிவுட் குன்றுகளிலும் தீ பிடித்து, எங்கள் ஆட்கள் சிலர் இருக்கும் தெருக்களுக்கு வெளியேறும் உத்தரவு வந்தது. மண்டபத்தைத் திறக்க முடியவில்லை. குழுவில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் அழைத்து, எங்கே இருக்கிறாய், மாத்திரைகளை எடுத்துக்கொண்டாயா, இன்றிரவு யாருடன் தங்குகிறாய் என்று கேட்டபடி விடியும்வரை விழித்திருந்தார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒதுங்க இடமில்லாத இரவில், பழைய போதைத் தோழர் யாராவது கதவைத் திறந்துவிடக்கூடும். அன்பளிப்பு அட்டை வாங்கி வந்த அந்த மனிதரை, ஹாலோவீன் இரவில் எங்களோடு இருந்த ஓர் இளைஞர் தம் வீட்டு சோஃபாவில் படுக்க வைத்துக்கொண்டார். எந்த மருத்துவத் திட்டமும் இதைச் செய்துதர முடியாது.

25 ஜனவரி 2025, சனி

மகிழ்ச்சியே இல்லாமல்போனது பற்றி இன்று பேசினோம். மெத்தை விட்ட முதல் மாதங்களில் உணவு, இசை, தொடுகை எதுவும் ருசிக்காது. இனி இப்படியேதான் என்று நினைத்துப் பலர் திரும்பிப்போகிறார்கள். மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழுவினர் 2001-இல் மிகச் சிலரையே வைத்துச் செய்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், ஓராண்டுக்கும் மேலாக விலகியிருந்தவர்களிடம் மகிழ்ச்சி உணர்வோடு தொடர்புடைய டோபமினைக் கையாளும் மூளைப் புரதங்களான டோபமின் கடத்திகள் ஓரளவு மீண்டிருந்தன. இதைப் புதியவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். காத்திருப்பதற்குக் காரணம் தெரிந்தவன் காத்திருப்பான்.

கூட்டம் முடிந்தபின் மனைவியும் குழந்தைகளும் உள்ள ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். இங்கே எல்லாரும் ஆண் காதலர்களைப் பற்றிப் பேசுகையில் தாம் பாதி வேடம் போடுவதாகவும், வீட்டிலோ மீதிப் பாதியை மறைப்பதாகவும், இரண்டு இடத்திலும் பொய்யன் என்ற எண்ணம் வருகிறபோதுதான் மெத் நினைவு வருவதாகவும் சொன்னார். இருபாலீர்ப்பு ஆண்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம். அறைக்குள் அவர்களுக்கான பேச்சு குறைவாகத்தான் இருக்கிறது. அவருடைய மனைவிக்குப் பரிசோதனை, அவரிடம் எப்போது எப்படிச் சொல்வது, குழந்தைகளின் பாதுகாப்பு, இவற்றையெல்லாம் காதலன் கைவிட்ட துயரத்தோடு ஒரே மணி நேரத்தில் வைத்துப் பேச முடியாது. பிப்ரவரியிலிருந்து செவ்வாய்க்கிழமை மாலைகளில் பெண்களை மணந்த ஆண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்க ஒப்புக்கொண்டோம். அதை அவரும் நானும் சேர்ந்து நடத்துகிறோம்.