பரணில் இருந்த வெல்ல மண்டி

2021 நவம்பரில், ஆண்டு முழுவதும் வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடுவதைப் பார்க்க ஊரே பாலத்தின் மீது நின்றது. நானும் காட்பாடியிலிருந்து போய் நின்றேன். அதே வாரத்தில் வேலூர் லாங் பஜாருக்குப் பின்புறம் இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் பரண் ஒழுகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. பத்து நாள் கழித்துப் பூட்டைத் திறந்தபோது புழுக்க வாடை முகத்தில் அடித்தது.

பரணில் இருந்தது எங்கள் வெல்ல மண்டி. கொள்ளுத்தாத்தா தொடங்கி, தாத்தா நடத்தி, பெரியப்பா காலத்தில் 1994-ல் மூடிய கமிஷன் மண்டி. அணைக்கட்டு, பள்ளிகொண்டா, குடியாத்தம் பக்கத்து விவசாயிகள் வண்டியில் வெல்லம் கொண்டுவருவார்கள்; மண்டி அதை விற்றுக்கொடுத்துத் தரகு எடுத்துக்கொள்ளும். மூடிய பிறகு பேரேடுகள், நாள்வழி நோட்டுகள், எடைச்சீட்டுகள், கடிதங்கள் எல்லாம் மூட்டையாகப் பரணேறிவிட்டன. ஏறியவை போக மீதி எங்கே என்று கேட்காதீர்கள். வருமானவரிக்குத் தேவைப்படும் ஆண்டுகளைத் தாண்டியவை ஒவ்வொரு போகிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குள் போயிருக்கின்றன. சிறுவயதில் அந்த நெருப்பில் குளிர்காய்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

நனைந்தவை பதினொரு பேரேடுகள். பதறிப்போய் முதல் இரண்டை மொட்டை மாடியில் வெயிலில் விரித்தேன். மாலைக்குள் தாள்கள் அப்பளம்போல நெளிந்துவிட்டன. தொட்டால் ஓரம் பொடியாக உதிர்ந்தது. மீதி ஒன்பதை அறைக்குள் கொண்டுபோய், பழைய வேட்டிகளைக் கிழித்துத் தாள்களுக்கு நடுவே வைத்து, மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, துணியை நாளுக்கு மூன்று முறை மாற்றினேன். பதினேழு நாள் ஆயிற்று. பூஞ்சை பிடித்திருந்தவற்றை நன்கு உலர்ந்த பிறகே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, திண்ணையில் வைத்து மென்மையான ஓவியத் தூரிகையால் துடைத்தேன். ஈரத்தோடு துடைத்தால் பூஞ்சை எழுத்தோடு சேர்ந்து இழுபட்டுவிடும். அதையும் ஒரு பக்கத்தைப் பலிகொடுத்த பிறகுதான் கற்றேன்.

ஆனால் நான் செய்த பெரிய நாசம் தண்ணீரால் வந்தது இல்லை. என் சுத்தப் பித்தால் வந்தது.

பழைய கடைகளில் பார்த்திருப்பீர்கள்: அடியில் மரக்கட்டை, மேலே கொக்கி வளைத்த கம்பி, அதில் அன்றன்றைய சீட்டுகளைக் குத்திக்கொண்டே போவார்கள். அப்படிப் பதினாறு கம்பிகள், துருப்பிடித்து, மாலைபோலச் சீட்டுகளோடு இருந்தன. துரு தாளைத் தின்னும் என்று யாரோ சொன்னதை நம்பி (அது உண்மைதான்) நான்கு கம்பிகளிலிருந்து சீட்டுகளை உருவி, அளவு வாரியாகப் பிரித்து, அழகாக அடுக்கிவிட்டேன். அன்றிரவு எனக்கு அப்படி ஒரு திருப்தி.

அடுத்த வாரம் மண்டியின் கடைசிக் கணக்குப்பிள்ளை விரிஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். 1952-ல் சிறுவனாக மண்டியில் சேர்ந்தவர். ஒரு சீட்டைக் கையில் எடுத்தார். "முனுசாமி, ஆறு மூட்டை" என்று எழுதியிருந்தது. "இது எந்தக் கம்பியில் இருந்ததம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் திட்டவில்லை, சீட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். ஒவ்வொரு கம்பியும் ஒரு சாலை. அணைக்கட்டு ரோட்டில் வந்த வண்டிகளுக்கு ஒன்று, குடியாத்தம் ரோட்டுக்கு ஒன்று. ஊர் பெயரைச் சீட்டில் எழுதும் வழக்கமே கிடையாது, ஏனென்றால் கம்பிதான் ஊர். முனுசாமிகள் எத்தனையோ பேர். எந்த முனுசாமி என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நான் உருவிப் போட்டுவிட்டேன்.

மீதிப் பன்னிரண்டு கம்பிகளையும் அவர் முன்னிலையில்தான் கழற்றினோம். கம்பியை வெட்டி, சீட்டுகளை அடியிலிருந்து வரிசை மாறாமல் எடுத்து, ஒவ்வொன்றின் பின்புற மூலையிலும் மென்மையான பென்சிலால் கம்பி எண்ணும் வரிசை எண்ணும் குறித்தோம். பேனா கூடவே கூடாது. அந்த நான்கு கம்பிகளின் சீட்டுகள் "கலந்தவை" என்ற தலைப்பில் ஒரு தனிக் கட்டாகக் கிடக்கின்றன.

எழுத்தைப் படிப்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி என்று ஒரு அட்டையில் எழுதி மேசை மேல் ஒட்டிவைத்தேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. எடைதான் தலைவலி. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம். வீசை என்பது ஏறத்தாழ 1.4 கிலோ. காசில் பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்ததும் ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா என்று கணக்கு இடிக்கிறது. அந்த ஆண்டு நாள்வழியில் ஆறு மாதத்துக்கு இரண்டு காசிலும் தொகை எழுதியிருக்கிறார்கள். எந்த அரசாணையை விடவும் அந்தப் பக்கங்கள் எனக்கு அந்தக் காலத்துக் குழப்பத்தைச் சொல்லின.

தேதியால் ஒரு கூத்து நடந்தது. ஒரு பேரேட்டின் முதல் பக்கத்தில் "தாது ௵" என்று பார்த்ததும் என் தம்பி குதித்துவிட்டான். தாது வருஷப் பஞ்சம்! 1876! நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு நம் வீட்டில்! உறவுக்காரர்கள் எல்லோருக்கும் படம் அனுப்பிவிட்டான். நாற்பதாம் பக்கத்தில் "லாரி வாடகை" என்று ஒரு வரி வந்தது. தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வருபவை. இது அடுத்த தாது, 1936-37. தம்பி இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை. அதன் பிறகு தமிழ் வருடத்தை மட்டும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். முத்திரைத்தாளில் எந்த ராஜாவின் தலை, காசு எப்படிக் குறித்திருக்கிறது, வண்டியா லாரியா என்று பார்த்துத்தான் ஆண்டு போடுகிறோம்.

ஊர்ப் பெயரிலும் இதே சங்கடம். கொள்ளுத்தாத்தாவின் வழக்குக் காகிதங்களில் சித்தூர் என்று இருக்கிறது; ஆந்திராவில் நமக்கு என்ன வழக்கு என்று வியந்தோம். 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமே சித்தூர்தான். பிறகுதான் வேலூர். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே அட்டவணையில் காகிதத்தில் இருக்கும் பெயரையே ஒரு கட்டத்திலும், இன்றைய தாலுகாவை அடுத்த கட்டத்திலும் எழுதுகிறேன். முதல் கட்டத்தைத் திருத்துவது குற்றம் என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.

காகிதத்தைக் காப்பது இத்தனை சிரமம் என்றால், பெரியப்பாவிடமிருந்து சாவிக்கொத்தை வாங்குவது அதற்கு மேல். அப்போதே அவருக்கு எண்பத்தெட்டு வயது. எங்கள் குடும்பத்தில், பல குடும்பங்களில் போலவே, காகிதம் என்றால் சொத்து. சொத்து என்றால் சண்டை. "பழைய காகிதத்தைக் கிளறுகிறவர்கள் பங்கு கேட்கத்தான் கிளறுவார்கள்" என்று நேராகவே சொன்னார். பத்திரங்களை அவர் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். 1962-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைப் பத்திரம் பத்திரமாக இருக்கட்டும் என்று அதை ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் வேறு செய்துவிட்டார். இப்போது அது பிளாஸ்டிக்குக்குள் பழுப்பேறுகிறது. பிரிக்கவும் முடியாது, விடவும் முடியாது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். செல்லோ டேப்பும் வேண்டாம்; சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகித் தாளின் உள்ளே இறங்கிவிடும்.

அவரிடம் நான் வாதாடிய வாதம் ஒன்றே. பதிவான கிரயப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம். நாள்வழி நோட்டு தொலைந்தால் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது? நாம் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருப்பதற்கு வேறு இடத்தில் நகல் இருக்கிறது; போகியில் போட்டதற்கு இல்லை. அவர் கேட்டுக்கொண்டார், சாவியை மட்டும் தரவில்லை.

சாவி வந்த விதம் வேறு. அந்த 1936-37 பேரேட்டில் "வீட்டில்" என்று ஒரு தலைப்பு. வீட்டுச் செலவு என்று நினைத்து நான் புரட்டிப் போய்விட்டேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுச் சிரித்தார். "அசடே, வீட்டில் என்றால் செலவு இல்லை. எங்கள் அம்மா. அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லவும் மாட்டார், எழுதவும் மாட்டார்." பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். அது பற்று இல்லை, வரவு. பாட்டி தன் நகையை விற்ற 350 ரூபாயை மண்டிக்கே கடன் கொடுத்திருக்கிறார். நூற்றுக்கு மாதம் எட்டணா வட்டி. ஆண்டு முடிவில் 21 ரூபாய் வரவு வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்த பேரேடுகளில் "வீட்டில்" கணக்கைத் துரத்திக்கொண்டு போனோம். இடையில் மூன்று ஆண்டு ஏடுகள் இல்லை, போகியில் போனவையாக இருக்கும். கடைசியில் கர வருஷத்தில், அதாவது 1951-ல், முழுத் தொகையும் பற்று எழுதி முடித்திருந்தது. எதிரே, பொடி எழுத்தில், "ஊரிசு காலேஜ் சம்பளம், துணி, புஸ்தகம்."

அந்த ஆண்டு ஊரிசு கல்லூரியில் சேர்ந்தவர் பெரியப்பா. மண்டிப் பணத்தில் அப்பா படிக்கவைத்தார் என்றுதான் எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எட்டணா வட்டி குறைச்சல்தான்" என்றார். மறுநாள் காலை சாவிக்கொத்து என் வீட்டுக்கு வந்தது, இரும்புப் பெட்டிச் சாவி நீங்கலாக.

புரோநோட்டுகள் விஷயத்தில் மட்டும் அவர் பயந்ததில் நியாயம் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். நூற்றுச் சொச்சம் நோட்டுகள், கைநாட்டும் ரெவின்யூ ஸ்டாம்புமாக. மூன்று ஆண்டுக் கெடு தாண்டி எப்போதோ செல்லாதவை. ஆனால் அதில் இருப்பவர்களின் பேரன்கள் இன்றும் எங்களோடு பஸ்ஸில் வருகிறார்கள். எரிக்கவேண்டும் என்றார் பெரியப்பா, கூடாது என்றேன். உறையில் போட்டு ஒட்டி, அட்டவணையில் எண்ணிக்கையை மட்டும் எழுதி, பெயர் எதையும் எழுதாமல், படமும் எடுக்காமல் வைத்திருக்கிறோம்.

மற்றவற்றுக்கெல்லாம் படம் எடுத்தாயிற்று. ஸ்கேனர் வாங்கவில்லை. பழைய தையலை விரித்து அழுத்தினால் முதுகு உடையும். வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் ஒரு முக்காலியைக் கவிழ்த்து அதன் காலில் கைபேசியைக் கட்டி, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை வரும் வெளிச்சத்தில் எடுத்தோம். ஒவ்வொரு ஏட்டுக்கும் வெற்றுப் பக்கங்கள் உட்பட எல்லாப் பக்கமும், ஓரத்தில் ஓர் அளவுகோலோடு. மூன்று இடத்தில் பிரதி: என் வீட்டு வன்தட்டு, தம்பி வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று.

அசல்கள் மறுபடி பரணேறவில்லை. வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது ஓட்டுக்குக் கீழே காகிதம் என்ன பாடுபடும்! கீழே உள்ளறையில், சுவரைத் தொடாமல், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இரும்பு அலமாரி. ஒவ்வொரு ஏடும் கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியில் சுற்றியது. இராமபாணப்பூச்சி கண்ட ஆறு ஏடுகளை மட்டும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காமல் விட்டேன். அந்த இரண்டு வாரமும் வீட்டில் மீன் வாங்கவில்லை. அம்மா வசம்பை நசுக்கி முடிந்து அலமாரியின் மூலைகளில் வைத்திருக்கிறார்; ஏட்டுக்குள் வைக்கவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

இன்னும் ஒரு தகரப் பெட்டி வாலாஜாப்பேட்டையில், தாத்தாவின் தம்பி வழிப் பேரனிடம் இருக்கிறது. தொலைபேசியில் கேட்டதும் அவரும், "நிலத்து விஷயமா?" என்றுதான் தொடங்கினார். "வீட்டில்" பக்கத்தை அவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "ஆடி போகட்டும், வந்து பாருங்கள்" என்று செய்தி வந்தது. இன்று ஆவணி நான்கு. கொடியில் எட்டு முழம் காடாத் துணி காய்ந்துகொண்டிருக்கிறது; ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு நானும் கணக்குப்பிள்ளையும் போகிறோம்.