நாற்பது புள்ளியில் ஓர் ஆள்

ஃபால்அவுட்: நியூ வேகஸ் 2010 அக்டோபரில் வந்த கணினி விளையாட்டு. இத்தனை வருஷம் கழித்து அதில் இறங்கியதற்குக் காரணம் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. பாம்பனில் பாதிப் பேர் படகு மராமத்தில் இருப்பார்கள், மீதிப் பேருக்குப் பொழுது போகாது. வீட்டில் இருப்பதோ அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப். புது விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. இது, படத் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினால் ஓடுகிறது. 32-பிட் விளையாட்டு என்பதால் அடிக்கடி நின்றும் போகும். அதிக நினைவகத்தைப் பயன்படுத்த விடும் 4 ஜிபி பேட்ச் என்ற ஒட்டு போட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்லை. பேட்டரி செத்த லேப்டாப், கரண்ட் போகிற ஊர். அதனால் எஃப்5 அழுத்திச் சேமித்துக்கொண்டே இருப்பேன்.

கதை தெரியாதவர்களுக்கு: 2077-இல் அணு ஆயுதப் போர் நடந்து உலகம் முடிந்துவிடுகிறது. விளையாட்டு நடப்பது 2281-இல், அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில். நாம் ஒரு கூரியர். தலையில் சுட்டுக் குழியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். குட்ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் டாக் மிட்செல் என்ற வைத்தியர் பிழைக்க வைக்கிறார். பெயர், முகம் எல்லாம் முடிந்ததும், பழைய திருவிழாக் கருவி மாதிரி ஒன்றின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார். நம் ஆளை உருவாக்கும் இடம் அதுதான். ஸ்ட்ரெங்த் (பலம்), பெர்செப்ஷன் (கூர்ந்து கவனிப்பது), என்டூரன்ஸ் (தாக்குப்பிடிப்பது), கரிஸ்மா (முகராசி), இன்டெலிஜென்ஸ் (அறிவு), அஜிலிட்டி (சுறுசுறுப்பு), லக் (அதிர்ஷ்டம்) என்று ஏழு குணங்கள். ஒவ்வொன்றிலும் 5 புள்ளி ஏற்கெனவே இருக்கும், கையில் இன்னும் 5. ஆக மொத்தம் 40. எதையும் 1 வரை குறைக்கலாம், 10 வரை ஏற்றலாம்.

துபாயில் இருக்கும் மச்சானிடம் போனில் கேட்டேன். அவர் இந்த விளையாட்டை முழுசாக முடித்தவர். “கரிஸ்மாவ ஒன்னுல விடு மாப்ள. அது வேஸ்ட்டு,” என்றார். எனக்கு அது உடனே ஒட்டவில்லை. எங்கள் அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் ஊர் போனபோது சிறுமி. உலகம் முடிந்த பிறகு யார் பிழைப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் சொன்ன ஆட்கள்தான்: மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கத் தெரிந்தவர், உடைந்ததைச் சேர்த்துக் கட்டத் தெரிந்தவர், நாலு பேரிடம் பேசி அரிசி வாங்கி வரத் தெரிந்தவர். அரசாங்கம் வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்த பிறகும் அங்கே ஓலைக் குடிசை போட்டு மீன்பிடித்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி வீரன் வேண்டாம், அப்படி ஓர் ஆள்தான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு கணக்கில் இறங்கினேன்.

கணக்கு மச்சான் பக்கம்தான் பேசியது. குணங்களிலிருந்துதான் பேசுவது, சுடுவது, பழுது பார்ப்பது மாதிரித் திறமைகள் வருகின்றன. ஒரு திறமையின் தொடக்க அளவு இப்படி வரும்: 2, அதோடு அந்தத் திறமைக்குரிய குணத்தைப் போல இரண்டு மடங்கு, அதோடு லக்கில் பாதி. கரிஸ்மாவின் கீழ் வருபவை ஸ்பீச் (பேச்சு), பார்ட்டர் (பேரம்) இரண்டு மட்டும். அதில் நாலு புள்ளி கூட்டிப் போட்டால் அந்த இரண்டுக்கும் எட்டெட்டாக 16 கிடைக்கும், அவ்வளவுதான். அதே நாலை இன்டெலிஜென்ஸில் போட்டால் மெடிசின், ரிப்பேர், சயின்ஸ் மூன்றுக்கும் எட்டெட்டு. அதுபோக ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு திறமைப் புள்ளி கூடுதல். கூடுதல் பாகங்கள் சேர்க்காவிட்டால் உச்ச லெவல் 30. முதல் லெவலிலிருந்து அதுவரை 29 ஏற்றம், ஆக 58 புள்ளி. அதை அப்படியே ஸ்பீச்சில் கொட்டினால் கரிஸ்மா இல்லாமலே ஊரை விலை பேசலாம். நிஜ வாழ்க்கையில் இது நியாயமா என்று கேட்டால் இல்லை. முகராசி இல்லாதவன் எவ்வளவு படித்தாலும் ஏலக்கூடத்தில் எடுபடமாட்டான். விளையாட்டை எழுதியவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள், என்ன செய்வது.

இன்டெலிஜென்ஸ் 8 வைத்தேன். ஏன் 10 இல்லை என்றால், பின்னால் நியூ வேகஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் உடம்புக்குள் கருவி பொருத்திக்கொள்ளலாம்; ஒரு கருவிக்கு ஒரு குணம் 1 கூடும். 10-இல் இருப்பதற்கு மேல் ஏறாது. எத்தனை கருவி பொருத்தலாம் என்பதை என்டூரன்ஸ்தான் தீர்மானிக்கிறது: 6 இருந்தால் ஆறு. அதனால் என்டூரன்ஸ் 6. கருவி ஒன்று 4000 மூடி. இங்கே காசு என்றால் சோடா பாட்டில் மூடிதான். அந்த மூடிக்கு வழி லக். லக் கூடினால் எல்லாத் திறமையும் கொஞ்சம் கூடும், கிரிட்டிகல் என்கிற பலத்த அடி அதிகம் விழும், சூதாட்ட விடுதியில் பிளாக்ஜாக்கில் சீட்டு நம் பக்கம் சாயும். ரொம்ப ஜெயித்தால் விடுதிக்காரர்களே இனி ஆடக்கூடாது என்று நிறுத்திவிடுவார்கள். லக் 8.

மிச்சத்தைச் சீக்கிரம் முடித்தேன். ஸ்ட்ரெங்த் 5, சுமை 200 வரை தூக்கலாம். அஜிலிட்டி 6, பெர்செப்ஷன் 5. கரிஸ்மாவுக்கு மிஞ்சியது 2. மச்சான் சொன்ன ஒன்றுக்கு ஒரு படி மேலே நிறுத்தினேன், காரணத்தோடுதான். குட்ஸ்பிரிங்ஸைத் தாக்க வரும் கும்பலோடு சண்டைபோட ஊர்க்காரர்களைத் திரட்ட, மதுக்கடை நடத்தும் ட்ரூடியிடம் பேச வேண்டும். அதற்கு ஸ்பீச் 25 வேண்டும். இதற்கு முந்தைய ஃபால்அவுட் 3-இல் பேச்சு எடுபடுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இதில் அளவு இருந்தால் எடுபடும், இல்லையென்றால் இல்லை. கரிஸ்மா 2, லக் 8 என்றால் ஸ்பீச் 10. டேக் செய்தால் 15 கூடி, சொல்லி வைத்தாற்போல 25.

டேக் என்பது நம் ஆளுக்குக் கைவந்த மூன்று திறமைகள். வைத்தியர் சோபாவில் உட்காரவைத்துச் சில சொற்களைச் சொல்லி, மைக்கறைப் படம் காட்டி, நம் பதிலை வைத்து மூன்றை அவரே பரிந்துரைப்பார். மாற்றிக்கொள்ளலாம். ஸ்பீச், ரிப்பேர் இரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. ரிப்பேர் இருந்தால் உடைந்த துப்பாக்கியிலிருந்து நல்ல துப்பாக்கி வரும், தோட்டா நாமே செய்யலாம், 90 ஆனால் ஒரே வகைப் பொருள்களை ஒன்றால் ஒன்றைச் சரிசெய்யும் ஜூரி ரிக்கிங் பெர்க் கிடைக்கும் (பெர்க் என்பது லெவல் ஏறும்போது எடுக்கும் சிறப்புச் சலுகை). மூன்றாவதில்தான் ஊசலாட்டம். ஊற்றுத் தோண்டுகிற ஆள் என்று ஆரம்பித்தவன், பிழைத்துக் கிடக்கும் திறமையான சர்வைவலை விடலாமா? ஆனால் அதன் வேலை, சாப்பாட்டின் பலனைக் கூட்டுவதும் அடுப்பில் சிலது சமைப்பதும். குட்ஸ்பிரிங்ஸ் பக்கத்திலேயே சுத்தமான தண்ணீர் இருக்கிறது, பசியும் மெதுவாகத்தான் ஏறுகிறது. தனுஷ்கோடி அளவுக்கு மொஹாவே கறாரான இடம் இல்லை. சர்வைவலை 18-இல் விட்டு, துப்பாக்கித் திறமையான கன்ஸை டேக் செய்தேன்.

பின்னால் எட்டிப் பார்த்த அப்பத்தா, “இந்த ஊர்ல கடலே இல்லையாய்யா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதன் பிறகு அவருக்கு இதில் ஆர்வம் போய்விட்டது.

கடைசியாக ஒரு மருத்துவப் படிவம். அதில் ட்ரெய்ட் எனும் இயல்புகளில் இரண்டு வரை எடுக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கும். நான் குட் நேச்சர்ட் எடுத்தேன். ஸ்பீச், பார்ட்டர், மெடிசின், ரிப்பேர், சயின்ஸ் ஐந்தும் 5 கூடும். சண்டைத் திறமைகள் ஐந்தும் 5 குறையும். எனக்கென்றே எழுதியது போல இருந்தது. ரிப்பேர் 42 ஆனது, மெடிசின் 27, கன்ஸ் 28-க்கு இறங்கியது. இன்னொன்று, வைல்டு வேஸ்ட்லேண்ட், கோமாளித்தனமான நிகழ்ச்சிகளைச் சேர்ப்பது. முதல் தடவை கதையைக் கதையாகப் பார்க்க வேண்டும் என்று அதைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் ஹார்ட்கோர் என்ற கடின முறை வேண்டுமா என்று கேட்டது. பசி, தாகம், தூக்கம் உண்டு, தோட்டாவுக்கும் எடை உண்டு, மருந்து மெல்லத்தான் வேலை செய்யும். வேண்டும் என்றேன். இல்லாவிட்டால் இத்தனை யோசித்ததற்கு அர்த்தம் இல்லை.

ஊருக்குள் ஆள் நன்றாகவே எடுபட்டான். உடைந்து கிடந்த ட்ரூடியின் ரேடியோவைச் சரிசெய்தான். டாக் மிட்செலிடம் மெடிசின் 25 கேட்கும் பேச்சில் 27 வைத்து மருந்து வாங்கினான். ட்ரூடியும் சம்மதித்தார். ஈசி பீட் என்ற ஊர்க்காரரின் டைனமைட் கிடைக்கவில்லை, அதற்கு வெடித் திறமையான எக்ஸ்ப்ளோசிவ்ஸ் 25 வேண்டும். செட் என்ற கடைக்காரரிடமும் பார்ட்டர் போதவில்லை. சண்டையில் பாதிக் குண்டு காற்றில்தான் போனது, ஆனால் ஊரே கூட நின்றதால் ஜெயித்தாயிற்று.

குட்ஸ்பிரிங்ஸ் எல்லையைத் தாண்டும்போது, எல்லாவற்றையும் மாற்ற ஒரு கடைசி வாய்ப்பு தருகிறது. அங்கே பார்த்தால் குட் நேச்சர்ட் புண்ணியத்தில் ஸ்பீச் 30-இல் நிற்கிறது. கரிஸ்மாவை 1 ஆக்கினாலும் 28 இருக்கும். அந்த ஒரு புள்ளியை எடுத்துப் பெர்செப்ஷனில் போட்டு 6 ஆக்கினேன். லெவல் 16-இல் பெட்டர் கிரிட்டிகல்ஸ் பெர்க்குக்குப் பெர்செப்ஷன் 6, லக் 6 வேண்டும். மச்சானுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. லெவல் 4-இல் எஜுகேட்டட், 8-இல் ஸ்ட்ராங் பேக் என்று மற்ற பெர்க்குகளுக்கும் வரிசை போட்டு வைத்திருக்கிறேன். வடக்கே நேராக வேகஸுக்குப் போகும் வழியில் கசடோர் பூச்சிகளும் டெத்கிளா என்ற கொடூர மிருகமும் காத்திருக்கும். கன்ஸ் 28 வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அதனால் தெற்கே, ப்ரிம் என்ற ஊர்ப் பக்கம் நடக்கிறான்.