மினிடெல்லின் சீழ்க்கை

பாரிசுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைக்குப் போனபோது மினிடெல் 1பி ஒன்று கிடைத்தது. டெலிபோன் லைன் வழியாகத் தகவல் பார்க்க பிரான்ஸில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த திரைக் கருவி அது. விசைப்பலகையை மடித்தால் திரையை மூடிக்கொள்ளும் அந்தப் பழுப்புப் பெட்டியைப் பார்த்த பிறகு என்னால் அந்தக் கடையை விட்டு நகர முடியவில்லை.

1982-ல் தொடங்கி, பிரான்ஸின் அரசுத் தொலைபேசித் துறை இதை வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தது. தடித்தடியாக டைரக்டரி அச்சடித்துக்கொண்டே இருப்பதற்குப் பதில், வீட்டுக்கு ஒரு திரையைக் கொடுத்து அதிலேயே எண்ணைத் தேடச் சொல்லலாம் என்ற கணக்கு. அப்புறம் ரயில் டிக்கெட், அரட்டை, வங்கிக் கணக்கு என்று எல்லாமே அதற்குள் வந்துவிட்டன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது டெலிபோனும் திரையும் கைமாறுகிற அந்த நொடிதான். மினிடெல் 10-ல் ரிசீவர் கூடவே வரும், என்னுடையதில் கிடையாது. அந்தக் காலத்தில் பக்கத்தில் இருக்கும் சாதாரண டெலிபோனில் 3615 என்ற மினிடெல் சேவை எண்ணைப் போட வேண்டும், மறுமுனையில் கீச்சென்று சீழ்க்கை கேட்டதும் மினிடெல்லில் 'கொனெக்ஸியோன்' (இணைப்பு) பொத்தானை அழுத்திவிட்டு ரிசீவரைக் கீழே வைத்துவிடலாம், லைனை அது பிடித்துக்கொள்ளும். கிரெடிட் கார்டு எண்ணெல்லாம் தட்ட வேண்டியதில்லை, நிமிடக் கணக்கில் ஆகும் காசு டெலிபோன் பில்லோடு வந்துவிடும்.

வேகத்தை எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். வருவது நொடிக்கு 1200 பிட், போவது வெறும் 75. ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்றால் நொடிக்கு 120 எழுத்து வரும், வரிக்கு 40 எழுத்தாக 24 வரித் திரை நிரம்ப எட்டு நொடி. போகிற பக்கம் நொடிக்கு ஏழரை எழுத்து, ஆனால் எதிரே உட்கார்ந்து தட்டுவது மனித விரல்தானே, அதற்கு அது தாராளம்.

2012 ஜூன் 30-ல் சேவையை நிறுத்திவிட்டார்கள். சரி, நல்லவேளையாகப் பின்புறம் ஐந்து ஊசி வட்டச் சாக்கெட் ஒன்று இருக்கிறது. அதில் யுஎஸ்பி அடாப்டர் கம்பியைச் செருகி என் லினக்ஸ் கம்ப்யூட்டருக்குத் திரையும் விசைப்பலகையுமான டெர்மினலாக மாற்றினேன். நேற்று ராத்திரி இந்தப் பதிவின் தலைப்பை முதலில் அதில்தான் தட்டிப் பார்த்தேன், தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது என்பதால் ஆங்கில எழுத்தில். மேல் மூலையில், இணைப்பு இல்லை என்று காட்டும் 'எஃப்' என்ற எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. டெலிபோன் லைனில் மறுமுனையோடு இணைப்பு கிடைத்தால்தான் அது 'சி' ஆகும்.