ரெயூனியனிலிருந்து பிரான்சுக்குப் படிக்கப் போகும் பிள்ளை: எதற்கு முன் எது

நம் தீவில் லிசே (மேல்நிலைப் பள்ளி) முடித்து பிரான்சின் துலூஸுக்கோ மோன்பெலியேவுக்கோ கிளம்பும் பிள்ளைக்குப் பெட்டி கட்டுவது கடைசி வாரத்து வேலை. காகித வேலை ஏழெட்டு மாதம் முன்பே தொடங்கிவிடும். பல வீடுகளில் பணம் கையில் இருந்தும் வேலை முடங்குகிறது. காரணம், முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்வது.

ஜனவரியில் பார்க்கூர்சுப்பில் (உயர்கல்வி இடத்துக்கு விண்ணப்பிக்கும் அரசு இணையதளம்) பதியும்போதே பிள்ளை பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்துவிடுங்கள். பூர்ஸ் (அரசு கல்வி உதவித்தொகை), வீட்டு உதவி எதுவானாலும் பிள்ளையின் கணக்குக்குத்தான் வரும். அம்மாவின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். சில வங்கிகளின் தீவுக் கிளை தனி அமைப்பு. பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் பிரான்சிலுள்ள கிளை நம் கணக்கைத் தொடாது. இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 0692 என்று தொடங்கும் நம் தீவுக் கைபேசி எண்ணை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். வங்கியின் ரகசியக் குறியீடு முதல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

மார்ச்சில் திறக்கும் க்ரூஸ் (மாணவர் உதவி, விடுதிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பு) விண்ணப்பத்தை மே முடிவதற்குள் போட்டுவிட வேண்டும். பூர்ஸும் விடுதி அறையும் அந்த ஒரே விண்ணப்பத்தில் அடக்கம். இரண்டு வருடம் முந்தைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள்: 2025-26 படிப்புக்கு 2023 வருமானம், அதாவது 2024-ல் வந்த வரிக் கடிதம். இடம் இன்னும் கிடைக்கவில்லையே என்று காத்திருப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கிடைக்கக்கூடிய ஊர்களைப் போட்டு இப்போதே அனுப்புங்கள். ஊர் மாறினால் விண்ணப்பத்தையும் மாற்றிக்கொள்ளலாம். 2025-26-ல் லிசான்ஸ் (இளங்கலை) பதிவுக் கட்டணம் 178 யூரோ, மாணவர் வாழ்வுக் கட்டணம் 105 யூரோ. பூர்ஸ் உறுதியானவர்கள் இரண்டையும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வாழ்வுக் கட்டண விலக்குச் சான்றை இணையத்தில் எடுத்துக் கொடுக்காமல் பல்கலைக்கழகம் பெயர் பதியாது.

பயணத்துக்கு லாதோம் (கடல்கடந்த பகுதி மக்களின் பயணத்துக்கு உதவும் அரசு நிறுவனம்) உதவி உண்டு. அங்கிருந்து முடிவு வருமுன் மலிவாகக் கிடைத்தது என்று சொந்தமாக டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். மாகாணமும் பிராந்தியமும் தனித்தனியே தரும் உதவிகளுக்குக் கெடு தேதியும் தனித்தனி.

இனி வீடு. இதில்தான் தலைவலி அதிகம்.

க்ரூஸ் அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கிடைக்காவிட்டால் தனியார் வீடு. அங்கே முதல் கேள்வி ஜாமீன். ‘தீவில் இருக்கும் பெற்றோரின் ஜாமீன் செல்லாது’ என்று வீட்டுக்காரர் சொன்னால் அது சட்டத்துக்கு எதிரான பேச்சு. 1989 ஜூலை 6 சட்டத்தின் 22-1 பிரிவு, மெத்ரோபோலில் (ஐரோப்பாவிலுள்ள பிரான்சில்) குடியிருக்கவில்லை என்ற காரணத்துக்காக ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் சட்டம் பேசி வீடு பிடிப்பது கஷ்டம். விசால் என்ற வாடகை ஜாமீன் திட்டத்தின் ஜாமீனைக் காட்டுவது சுலபம்: இலவசம், 18 முதல் 30 வயது வரை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் விசால் சான்று கையில் இருந்தாக வேண்டும், பிறகு வாங்கினால் பயனில்லை. பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் இந்த வழி மூடியிருக்கும்; அப்போது உங்கள் ஜாமீன்தான்.

வீட்டை யாரும் நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். ‘வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் வந்ததும் சாவி தபாலில் வரும்’ என்பவர் நூற்றுக்கு நூறு ஏமாற்றுக்காரர். தொலைவில் இருப்பவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். சாமான்களோடு கூடிய வீட்டுக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. மாணவர் ஒப்பந்தம் 9 மாதம் என்றால் கோடையில் ஆளில்லாத அறைக்கு வாடகை கட்ட வேண்டியிருக்காது.

ஒப்பந்தம் தொடங்கும் தேதியைக் கவனியுங்கள். தனியார் வீட்டில் குடியேறிய மாதத்துக்குக் காஃப் (குடும்பப் படி, வீட்டு உதவி தரும் அலுவலகம்) வீட்டு உதவி தராது. உரிமை அடுத்த மாதம்தான் தொடங்கும், அந்த மாதப் பணம் அதற்கும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிவாக்கில் வரும். ஆகஸ்ட் 31 என்று எழுதினால் செப்டம்பர் பணம் அக்டோபரில் வந்துவிடும். செப்டம்பர் 1 என்றால் அக்டோபர் பணம் நவம்பரில். ஒரு நாள் வாடகையைப் பார்த்து ஒரு மாத உதவியை விடுவதா? விண்ணப்பத்தையும் குடியேறிய மாதத்துக்குள்ளேயே போட்டுவிட வேண்டும், முந்தைய மாதங்களுக்குத் திரும்பிப் போய்த் தரமாட்டார்கள். இதில் இன்னொரு கணக்கும் உண்டு: பிள்ளை தன் பெயரில் வீட்டு உதவி வாங்கினால் உங்கள் காஃப் கோப்பிலிருந்து நீங்கிவிடும். தீவில் முதல் பிள்ளையிலிருந்தே குடும்பப் படி கிடைப்பதால், 20 வயதுக்குள் இருக்கும் பிள்ளை விஷயத்தில் இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாவி வாங்கும் நாளில் வீட்டுக் காப்பீட்டுச் சான்று கையில் வேண்டும். மின்சாரத்துக்கு இங்கே ஒரே நிறுவனம். அங்கே நாமே தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போட வேண்டும், அதற்கு மீட்டரின் 14 இலக்க எண் தேவை. வீட்டு நிலை அறிக்கையில் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஜன்னலை மூடிப் பார்த்து, சுவர் மூலைகளைப் படம் எடுக்கட்டும். விட்டுப்போனதைச் சேர்க்க 10 நாள் உண்டு. ரேடியேட்டரை ஆகஸ்டில் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது, அதனால் குளிர்கால வெப்பம் தொடங்கும் முதல் மாதம் வரை அதைப் பற்றிக் குறை எழுதிச் சேர்க்கலாம். நம் பிள்ளைகளுக்கு ரேடியேட்டரே புதிது. குளிர்கிறதென்று ஜன்னல் மேலிருக்கும் காற்றுத் துளையைத் துணியால் அடைத்து, உள்ளேயே துணி காயப்போட்டு, சோறும் வடித்தால் இரண்டே மாதத்தில் சுவரில் கரும்பூசணம். அட்வான்ஸில் கழிப்பதற்கு அது போதும்.

உடல்நலக் காப்பீட்டில் முகவரியை மாற்றி, அங்கே ஒரு குடும்ப மருத்துவரைப் பதிந்துகொள்ளட்டும். காய்ச்சல் வந்த பிறகு தேடினால் புதிதாக ஆள் சேர்க்கும் மருத்துவர் கிடைப்பது கஷ்டம்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்வையும் குளிர்கோட்டும் அங்கேயே வாங்கலாம், 23 கிலோவை அதில் வீணாக்க வேண்டாம். கலுப்பிலே, அதாவது நம் கறிவேப்பிலையை, பச்சையாக எடுத்துப் போகக் கூடாது, பயிர்நோய்க் கட்டுப்பாட்டில் பிடித்துவிடுவார்கள். நிழலில் காயவைத்துப் பருப்போடு வறுத்துப் பொடித்துக் கொடுங்கள். அஷார் (ஊறுகாய்) போத்தலைப் பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் ஜில்லோ விமான நிலையச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். பிறகு பார்சலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று எதையும் விடாதீர்கள்: தீவிலிருந்து போகும் பார்சலுக்குச் சுங்கப் படிவம் உண்டு, தபால் செலவு சில சமயம் உள்ளிருக்கும் பொருளின் விலையைத் தாண்டும்.