ஐசியூ வாசலில் ஒரு நாற்காலி

கதவைப் பாதி திறந்து, "உங்க பேஷன்ட் சீரியஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவது நம் மருத்துவமனைகளில் இன்னும் நடக்கிறது. அதைக் கேட்ட உறவினருக்கு அந்தச் சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறாது. அதையே நர்ஸிடம் மூன்று முறை கேட்பார். அவரைச் சலித்துக்கொள்ளக் கூடாது. அதிர்ந்த மனம் ஒரு வாக்கியத்துக்கு மேல் வாங்காது.

முதலில் உட்கார வைக்க வேண்டும். கதவு சாத்திய அறை, ஆளுக்கொரு நாற்காலி, சைலன்ட்டில் போட்ட போன். சொல்வதற்கு முன் கேட்க வேண்டும்: "டாக்டருங்க இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?" "ரெண்டு நாள்ல வார்டுக்கு மாத்திடுவாங்கன்னு சொன்னாங்க" என்பவரிடமும் "எங்களுக்கே தெரியுதுங்க" என்பவரிடமும் ஒரே மாதிரி தொடங்க முடியாது. புற்றுநோய் மருத்துவர்களுக்காக 2000-ல் வெளியான, கெட்ட செய்தியைச் சொல்வதற்கான 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறையிலும் இந்தக் கேள்வி தகவலுக்கு முன்னால்தான் வருகிறது.

பிறகு, "நல்ல செய்தி இல்லைங்க" என்று ஒரு முன்னறிவிப்பு. ஒரு மூச்சு இடைவெளி. "செப்சிஸ்" என்று சொல்லாமல், "கிருமி ரத்தத்துல கலந்து கிட்னியைப் பாதிச்சிருக்கு" என்று சொன்னால் போதும். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டமே இங்கேதான். பத்து நொடி மௌனத்தைத் தாங்காமல் "கவலைப்படாதீங்க, கடவுள் இருக்கார்" என்கிறோம். அதில் தணிவது நம் தவிப்புதான். 1984-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார்.

"உங்க கஷ்டம் புரியுது" என்பதையும் தவிர்க்கலாம், புரிந்திருக்க வாய்ப்பில்லை. "நேத்து வரைக்கும் பேசிட்டிருந்தவர், திடீர்னு இப்படின்னா..." என்று அவர் நிற்கும் இடத்தைச் சொன்னாலே அவர் பேசத் தொடங்குவார். சிலர் கத்துவார்கள். பெரும்பாலும் அது பயம். பில்லைப் பற்றிக் கத்தினாலும் அந்த நேரத்தில் பில்லுக்கு விளக்கம் சொல்லப் போகக் கூடாது. அவரோடு சேர்ந்து நாமும் உடைந்துபோனால், அடுத்த படுக்கைக்கு ஏற்றும் மருந்தின் அளவு தப்பும்.

எழுந்திருக்கும் முன், "வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டால் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியும். அடுத்து எப்போது பார்ப்போம் என்பதையும் மணி குறித்துச் சொல்ல வேண்டும். ஐந்து மணி என்றால், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் போயாக வேண்டும். அவர் நாலரைக்கே கதவருகே வந்து நின்றிருப்பார்.