நீல ஒயர் பேஸா, நியூட்ரலா?

சிங்கப்பூரில் ஒயரிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தம்பி ஒருவன் இப்போது என்னோடு வேலைக்கு வருகிறான். வேலை சுத்தம். ஒரு கனெக்‌ஷன்கூட லூஸாக இருக்காது. எங்களுக்குள் தகராறு என்றால் கலர் ஒன்றுதான்.

நம் ஊரில் கரண்ட் வரும் மூன்று பேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலுக்குக் கறுப்பு. எர்த்துக்குப் பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு. சிங்கப்பூரிலோ பேஸுக்கு பிரவுன், கறுப்பு, கிரே, நியூட்ரல்தான் நீலம். பிரிட்டனிலும் 2004-ல் அப்படி மாறத் தொடங்கி, 2006-லிருந்து புது வேலைக்கெல்லாம் அதுவே கட்டாயமானது. ஆக, நம்முடைய நியூட்ரல் கறுப்பு அவர்களுக்கு பேஸ். நம்முடைய மூன்றாவது பேஸான நீலம் அவர்களுக்கு நியூட்ரல். இதைவிட மோசமாக எப்படி மாற்றிவைக்க முடியும்!

போன வாரம் த்ரீ பேஸ் சப்ளை உள்ள ஒரு வீட்டில், கரண்ட் பிரிந்து போகும் டிபி பாக்ஸைத் திறந்தோம். நியூட்ரல் ஒயர்களெல்லாம் சேரும் லிங்கில் ஒரு நீல ஒயர். "சரியாத்தானேண்ணே இருக்கு?" என்றான் தம்பி. ஓரத்து எம்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்சிலிருந்தும் ஒரு நீலம் இறங்குகிறது, அது பேஸ். இரண்டும் ஒரே பைப்பில் மாடிக்குப் போகின்றன. மேலே சுவிட்ச் பாக்ஸைக் கழற்றுகிறவன் எதை நம்புவான்? மெயினை ஆஃப் பண்ணி, மீட்டர் வைத்து எந்த முனை எந்த ஒயர் என்று கன்டினியூட்டி பார்த்து, லிங்கில் இருந்த ஒயருக்குக் கறுப்பு ஸ்லீவ் (உறை) போட்டோம். டிபியில் மட்டும் போட்டால் பாதி வேலைதான். மாடி முனையிலும், நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸிலும் போட வேண்டும். டேப் சுற்றலாம், ஆனால் நம் வெயிலுக்குப் பசை இளகி அவிழ்ந்துவிடும். சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ்தான் நிற்கும்.

பச்சைக்கு மட்டும் இப்படி வேறு கலர் சுற்றிச் சமாளிக்கும் சலுகை கிடையாது. அதே வீட்டில் சுவிட்சிலிருந்து ஃபேனுக்குப் பச்சை ஒயர் போயிருந்தது, மேலே சிவப்பு டேப். டேப் கழன்றால், அடுத்து வருகிறவன் அதை எர்த் என்று நினைத்து மெட்டல் பாக்ஸில் முறுக்கிவிடுவான். சுவிட்சைப் போட்டதும் பாக்ஸ் முழுக்க கரண்ட். மாற்றியே ஆக வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் பதறினார்: "இப்பத்தான் பட்டி பார்த்தோம், சுவரை உடைச்சிடாதீங்க!" உடைப்பானேன்? பச்சையின் ஒரு முனையில் புது சிவப்பு ஒயரைக் கட்டி, மறுமுனையிலிருந்து இழுத்தோம். தானே வந்துவிட்டது.